கரைதட்டல்

சுறாவுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழும். விழுந்த இடத்தில் அடுத்தது முளைக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கில் பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுத்தான் சாகும். அரியலூர்ச் சுற்றுவட்டாரமோ பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலாகக் கிடந்த பூமி. அதனால் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்களில், கண்ணும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்றும் மீன் கிடைக்கும். கல்லாகிப்போன மீன். பெரும்பாலும் பல், எப்போதாவது முதுகெலும்பின் ஒரு வட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை முழு உடம்பு.

செங்கமலத்துக்குக் கண்ணும் இருந்தது, பொறுமையும் இருந்தது. பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர் வேலை. நாற்பத்தேழு வயது. கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவராததற்காக அவள் அழுததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்கூட்டரில் சல்லடை, சுத்தியல், பெயின்ட் பிரஷ், தண்ணீர் பாட்டில் ஏறிவிடும். தெருவில் அவளுக்கு 'மீன்காரம்மா' என்று பெயர். ஒரு மீன்கூட விற்காதவளுக்கு அந்தப் பெயர் பிடித்தே இருந்தது.

கூட வருபவர் சவரிராயன். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத கடைசிப் பெட்டியில் முப்பது வருஷம் தனியாகப் போய்வந்த மனிதர் என்பதால் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் இப்போது கற்களிடம் பேசித் தீர்த்தார். பல் ஒன்று அகப்பட்டால் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "வாங்க துரை, ரொம்ப நாளாக் காக்க வெச்சிட்டீங்க" என்பார். எந்தப் பள்ளம், எத்தனையாவது படுகை, எந்தப் பக்கச் சுவர் என்று குறித்துச் சீட்டு ஒட்டாமல் ஒரு பல்லையும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். பொய்ச் சீட்டு ஒட்டியவனுக்கு மோட்சம் கிடையாது என்பது அவருடைய வேதம்.

பெங்களூரில் 'ஆதிரேகை' என்று ஒரு கம்பெனி ஒரு பேனாவைச் செய்து விற்கத் தொடங்கியபோது இருவரும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். வாங்கிய அன்று சவரிராயன் செங்கமலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் தம்பி இளவழகனுக்கும் அவன் மனைவி வேம்புவுக்கும் விளக்கம் சொன்னார்.

"மரத்த அறுத்தா உள்ள வளையம் வளையமா இருக்குல்ல தம்பி, வருசத்துக்கு ஒன்னு? பல்லு அதவிடப் பொல்லாதது. வளர்ற காலத்துல நாளைக்கு ஒரு வரி போட்டுக்கிட்டே வரும். அன்னிக்கு நல்லாத் தின்னுச்சுன்னா வரி தடிப்பு. தின்னலேன்னா மெலிசு. சீக்கு வந்தா வரி கலங்கிப்போவும். முன்னெல்லாம் பல்ல அறுத்துத் தேய்ச்சுத்தான் பாக்கணும், பல்லு போயிரும். இந்தப் பேனாவ மேல வெச்சாப் போதும். உள்ள இருக்குறது அம்புட்டையும் போன்ல நாடா மாதிரி விரிச்சுக் காட்டிரும்."

"பாத்து?" என்றாள் வேம்பு.

"பாத்து என்னத்தச் செய்ய? ஏழு கோடி வருசத்துக்கு முந்தி ஒரு மீனு ஒரு வாரம் பட்டினி கெடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"அது தெரிஞ்சு?"

"சும்மாதாம்மா. ஒரு சந்தோசம்."

வேம்பு சிரித்தாள். "இங்க மனுசன் பட்டினி கெடந்தா ஏன்னு கேக்க ஆளக் காணோம்."

கேலியாகத்தான் சொன்னாள். கொள்ளிடக்கரைச் சூளையில் செங்கல் அறுத்த குடும்பத்துப் பெண் அவள். படித்து டிப்ளமா வாங்கி, இளவழகனைக் காதலித்து, இரண்டு பக்கத்து எதிர்ப்பையும் தாண்டி அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். நாத்தனாரை 'அண்ணி' என்பாள். செங்கமலம் எடுத்து வரும் பற்களைத் துடைத்து அடுக்குவதும் அவள்தான்.

பேனா வரிகளைக் காட்டுமே தவிர, எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. மனிதக் கண்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்காகக் கம்பெனி 'பூர்வம்' என்று ஒரு செயலி வைத்திருந்தது. நாடெங்கும் கல்மீன் தேடும் பைத்தியங்கள் ஓய்ந்த நேரத்தில் அதில் வரும் நாடாக்களைப் படித்துக் குறி போடுவார்கள். டாக்டர், தபால்காரர், மில் முதலாளி என்று எல்லாரும் உண்டு. காசு கிடையாது. நன்றாகப் படிப்பவர்களுக்குப் புதுச் சொல் சூட்டும் உரிமை மட்டும் உண்டு. செங்கமலம் மூன்று சொற்கள் சூட்டியிருந்தாள். இரை கிடைக்காத காலத்து மெல்லிய வரிகளுக்கு 'வறட்சி'. நோய்க்காலத்து வரிக்குக் 'கலங்கல்'. பல் வளர்வதையே நிறுத்திவிட்டுப் பிறகு எப்படியோ பிழைத்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு முறிவு தெரியும். அதற்குக் 'கரைதட்டல்' என்று பெயர் வைத்தாள். ஆழமில்லாத தண்ணீரில் மாட்டிக்கொண்டு, சாகவும் முடியாமல் நீந்தவும் முடியாமல் கிடக்கும் மீன் அவள் மனதில் இருந்தது. அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. வடக்கே இருப்பவர்கள்கூட அதையே எழுதினார்கள். தான் பெயரிட்ட பிள்ளை ஊரில் பேர் வாங்குவதுபோல அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி மாதத்திலிருந்து புதுவகை நாடாக்கள் வரத் தொடங்கின. 'இனம் அறியப்படாதது' என்று தலைப்பு. அவற்றில் ஒரு கறுத்த தடித்த வரி இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு குணம், அந்தப் பக்கம் வேறு குணம். அதுவரை எந்த மீனிலும் அவள் பார்த்திராத வரி.

"குட்டி போடுற மீனாத்தான் இருக்கணும் கமலம்" என்று சவரிராயன் குதித்தார். "தாய் வயித்துல இருக்கும்போதே பல்லு முளைக்க ஆரம்பிச்சிருக்கு. அந்தக் கறுப்பு வரிதான் பொறந்த நாளு. விழுந்து முளைக்காம அதே பல்லோட காலம் தள்ளியிருக்கு. இப்படி ஒரு மீனா!"

செங்கமலம் பணிமனையிலிருந்து வந்ததும் காப்பியோடு உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் ஒரு நாடாவுக்குச் செலவிடும் நேரம்போல நாலு மடங்கு செலவிட்டாள். மற்றவர்கள் தவறவிட்டதைக்கூட அவள் பிடித்தாள். அந்த மாதம் பூர்வத்தில் முதலிடம் அவளுக்கு. திருச்சியில் நடக்கவிருந்த வருடாந்திரச் சங்கமத்தில் சால்வை போர்த்தப்போவதாகச் செய்தியும் வந்தது.

அந்த வாரம்தான் வேம்பு பேட்டரித் தொழிற்சாலையிலிருந்து வெறுங்கையோடு வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிடைக்கல அண்ணி."

"எழுத்துப் பரீட்சையில நீதானே மொத ஆளு?"

"அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இன்சூரன்சுக்காரன் ஒத்துக்கலையாம். அவன் ஒத்துக்காத ஆள எடுக்க மாட்டாங்களாம்."

"என்னா கோளாறாம் உனக்கு?"

"பல்லு."

இளவழகன் சிரித்தான். "என்ன, மேனேஜரக் கடிச்சு வெச்சிருவேன்னு பயந்துட்டாங்களா?"

வேம்பு சிரிக்கவில்லை. "பரீட்சை அன்னிக்கு உங்க பேனா மாதிரியே ஒன்ன கடவாப்பல்லுல வெச்சான். சின்னப் புள்ளையில பட்டினி கெடந்தவங்களுக்கு நாப்பதத் தாண்டுனதும் சக்கரை வரும், கிட்னி போவும், நெஞ்சடைக்கும்னு கணக்கு இருக்காம். என் பல்லுல எல்லாம் எழுதியிருக்காம். வறட்சி நெறையவாம், கலங்கல் ரெண்டாம். அப்பறம் இன்னொன்னு சொன்னான், கரைதட்டல்னு. அது மூணு இருக்காம். ரெண்டு வரைக்கும் பரவால்லையாம், மூணுன்னா தள்ளுபடியாம். அது என்னா அண்ணி கரைதட்டல்? நான் என்னா படகா?"

செங்கமலம் குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"போனக் கொடு" என்றாள். ஆதிரேகை வேம்புவின் போனுக்கு அனுப்பியிருந்த அறிக்கையில் நாடாவின் படம் இருந்தது. அவளுக்கு அதைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆவணி முதல் வாரம் அவளே படித்த நாடா. கறுத்த வரி, அதன் பிறகு அடுத்தடுத்து இரண்டு முறிவுகள், கொஞ்சம் தள்ளி மயிரிழைபோல மூன்றாவது. அந்த மூன்றாவதை அவளுக்கு முன்னால் படித்தவர்கள் தவறவிட்டிருந்தார்கள். வேறு யாருக்கும் இல்லாத கண்ணால் அவள்தான் அதைக் கண்டுபிடித்து, வட்டமிட்டு, 'கரைதட்டல்' என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சவரிராயனுக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டாள்.

"இது மீனு இல்ல" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "மீனுன்னு சொல்லி மனுசப் பல்ல எங்ககிட்டக் குடுத்திருக்கானுவ. உன் பல்ல நான்தான் படிச்சேன் வேம்பு. அந்த மூணாவத நான்தான் கண்டுபுடிச்சேன்."

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

வேம்பு எழுந்து வந்து, செங்கமலத்தின் இலையைத் தள்ளிவிட்டு, முகத்துக்கு நேராகக் கேட்டாள். "என் வாய்க்குள்ள நானே பாக்காதத நீங்க பாத்திருக்கீங்க. எழுத முந்தி இது யாரு, என்னான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

செங்கமலத்துக்குள் ஏதோ ஒன்று கொதிக்கத் தொடங்கியது. முதலில் அது வெட்கமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கோபமாகிவிட்டது. அவளுடைய பொழுதுபோக்கை, ஞாயிற்றுக்கிழமையை, யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரே சந்தோஷத்தை எடுத்து ஒருவன் கத்தியாகத் தீட்டியிருக்கிறான். தீட்டி, அவள் கையிலேயே கொடுத்து, அவள் வீட்டுப் பெண்ணையே குத்த வைத்திருக்கிறான்.

திருச்சிச் சங்கமத்துக்கு அவள் போனாள். சவரிராயனும் உடன் வந்தார். ஏசி மண்டபம், முந்நூறு பேர், மேசைகளில் பளபளக்கும் கல்மீன்கள். ஆதிரேகையின் தலைவன் ஹரிவரதனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சாந்தமான முகம். சால்வையோடு வந்தவனிடம் செங்கமலம் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"இனம் தெரியாத பல்லுன்னு அனுப்புனீங்களே, அது மனுசப் பல்லா இல்லையா?"

ஹரிவரதன் தடுமாறவில்லை. "ஆமா மேடம். இந்த வருஷ அறிக்கையில நாங்களே சொல்றதா இருந்தோம்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க இரக்கப்படுவீங்க. படிப்பு கெட்டுடும். மீன்னு நெனச்சாத்தான் நேர்மையாப் படிப்பீங்க." இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துப் பேசினான். "நாங்க யாரையும் வேலைக்கு வேண்டாம்னு சொல்லல. வரியப் படிச்சுக் குடுக்கறோம், அவ்வளவுதான். இதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? ஊர்ப் பேரைப் பாத்தாங்க, தெருப் பேரைப் பாத்தாங்க, மொத்தமாத் தள்ளிட்டாங்க. இப்ப ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பாக்கறோம். அதைவிட இது நியாயம் இல்லையா?"

சிலர் தலையாட்டினார்கள். அதைப் பார்த்ததும்தான் செங்கமலத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"தெருப் பேரப் பாத்துத் தள்ளுனா அவனோட சண்ட போடலாம் தம்பி. பல்லப் பாத்துத் தள்ளுனா யாரோட சண்ட போடுறது? பெத்தவளோடயா? பாலு வத்திப்போன மாரோடயா? ரெண்டு வயசுப் புள்ளைய ஒருத்தன் பட்டினி போட்டான். இருவது வருசம் கழிச்சு, நீ பட்டினி கெடந்தவ, உனக்கு வேலை இல்லேங்கறான் இன்னொருத்தன். முன்னவனாவது சோத்ததான் புடுங்குனான். நீ அந்தப் பட்டினிக்கு ரசீது போட்டு அவகிட்டயேல்ல வசூல் பண்ணுற!"

"மேடம், உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமாய்யா, படுறேன்! படாத உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு!" அவள் மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்கல்லாம் என்னா சொல்றீங்க? எத்தன பேரப் படிச்சுத் தள்ளியிருக்கோம் நாம?"

கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் எழுந்தார். எந்தக் கல்மீனையும் ஒரே பார்வையில் இனம் சொல்லும் மனிதர். "நாம பாக்கறது வரிங்க. மனுசனப் பாக்கறதில்லைங்க. வரி தப்பா இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கலாம்."

வேறு யாரும் எழவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கத்தியது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு டீச்சர் மட்டும் தன் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வெளியே வந்தாள்.

திரும்பும் பேருந்தில் செங்கமலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இனிமே வர்ற எல்லாப் பல்லுக்கும் 'நிறைவு'ன்னு எழுதப்போறேன். பட்டினியே இல்ல, சீக்கே இல்ல. எல்லாரும் பாலும் சோறும் தின்னு வளந்தவங்க. நாம பத்துப் பேரு சேந்தாக்கூட அவன் கணக்கு நாறிப்போயிரும்."

சவரிராயன் அவள் பக்கம் திரும்பினார். "பொய்ச் சீட்டு ஒட்டச் சொல்ற."

"ஆமா."

"நாப்பது வருசம் ஒட்டாத கை இது கமலம்." கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "சரி. ஒட்டுறேன். மோட்சம் போனாப் போவுது."

வீட்டுக்கு வந்து வேம்புவிடம் சொன்னபோது அவள் பாராட்டுவாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவளோ சீறினாள்.

"அழிக்கப்போறீங்களா? நான் பட்டினி கெடந்தது நெசம் அண்ணி. எனக்கு நெனப்பில்ல, ஆனா என் உடம்பு எழுதி வெச்சிருக்கு. அத இல்லேன்னு எழுதுனா யாருக்கு நல்லது? எனக்கா? சூள மொதலாளி செல்வமணிக்கா? இன்னிக்கு மூணு கல்யாண மண்டபம் கட்டிட்டு, அன்னதானம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனுக்குத்தானே?"

செங்கமலம் அப்போதுதான் கேட்டாள். "செல்வமணி என்ன செஞ்சான்?"

"எனக்குத் தெரியாது. கேட்டா அம்மா வாயத் தொறக்காது. ஆனா ஒன்னு தெரியும். எங்க காலனியில அந்தத் தொழிற்சாலைக்குப் போயித் திரும்புனது நான் ஒருத்தி இல்ல. பதினோரு பேரு. எல்லாம் அந்தச் சூளையில வளந்ததுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பள்ளத்துக்குப் போகவில்லை. காலனி ஆட்கள் பதினொரு பேரும் செங்கமலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருபதிலிருந்து இருபத்தாறு வயது வரைக்கும் இருந்தார்கள். அவரவர் போனிலிருந்த நாடாப் படத்தை இளவழகன் டிவித் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏற்றினான்.

"பொறந்த தேதியச் சொல்லுங்க, அந்தக் கறுப்பு வரியில இருந்து எண்ணிக்கலாம்" என்றான் அவன்.

ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. மே முப்பது. ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதிகள்.

"தேதியே வேணாம்" என்றாள் செங்கமலம். "பள்ளத்துல எந்தக் கல்லுல தேதி எழுதியிருக்கு? இந்தச் சுவத்துல இருக்குற படுகையும் எதிர்ச் சுவத்துல இருக்குற படுகையும் ஒன்னுதானான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறோம்? பக்கத்துல பக்கத்துல வெச்சு நகத்திப் பாக்குறதுதான்."

நாடாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஒருவனுக்குக் கறுத்த வரியை ஒட்டியே முறிவு வந்தது. இன்னொருத்திக்கு நாலு வயதுக்குப் பின்னால் வந்தது. வேம்புவுக்கு இரண்டு வயதில். சவரிராயன் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் எடது... இன்னும்... நில்லு" என்று ரயிலைப் பின்னுக்கு எடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாடாவும் பொருந்தியபோது எல்லாரும் எழுந்து திரையை நெருங்கி வந்தார்கள்.

பதினொரு நாடாக்களின் ஊடாகவும் ஒரே பட்டை ஓடியது. முதலில் மெலிந்த வரிகள், பிறகு முறிவு, பிறகு கலங்கல், மறுபடி முறிவு. கைக்குழந்தையின் பல்லிலும் ஆறு வயதுச் சிறுவனின் பல்லிலும் அதே வரிசைதான், அதே இடைவெளிதான். சுண்ணாம்புச் சுவரில் ஒரு கறுப்புப் படுகை ஓடுவதுபோல அது திரையின் மேலிருந்து கீழ்வரை ஓடியது.

"இது சீக்கு இல்ல" என்றார் சவரிராயன். "சீக்குன்னா ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது. எல்லாப் புள்ளைக்கும் ஒரே நாள்ல சோறு நின்னிருக்கு. ஒரே நாள்ல மறுபடி கெடைச்சிருக்கு."

அவர்களில் கதிரேசன் என்ற ஒருவன் மட்டும் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அசல் தேதி உள்ளவன். அவனை வைத்து எண்ணியபோது பட்டை ஓர் ஐப்பசியின் நடுவில் தொடங்கி மார்கழியில் முடிந்தது. போகிற போக்கில் எல்லாருடைய உண்மையான பிறந்தநாளும் தெரிந்துவிட்டது. வேம்பு மாசி மாதக் கடைசியில் பிறந்தவள். அதைக் கேட்டு அவள் ஒரு கணம் சிரித்தாள். உடனே அடக்கிக்கொண்டாள்.

வேம்புவின் அம்மா பூவாயி அதுவரை சுவரோரம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஓடிய பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அவளாகவே பேசத் தொடங்கினாள்.

"அடமழை. மழையில சூள ஓடாது. சோத்துக்கு வேற எங்கயாச்சும் போறோம்னு கேட்டோம். வெளிய வுட்டாத் திரும்ப மாட்டோம்னு மொதலாளி சூள கேட்டப் பூட்டிட்டான். வேல இல்லாத நாளைக்கு அரிசி கெடையாதுன்னுட்டான். கெழங்கு தின்னோம், கீரைய அவிச்சுத் தின்னோம். அப்பறம் அதுவும் இல்ல. புள்ளைங்க அறுத்து வெச்ச களிமண்ணத் தின்னுச்சுங்க." நிறுத்தினாள். மகளைப் பார்க்காமல் சொன்னாள். "உனக்கு அடுத்தது ஒன்னு இருந்துச்சு வேம்பு. தம்பி. அதுக்குப் பல்லே முளைக்கல."

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. வேம்பு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, திரையை வெறித்தாள். அந்தக் கண்ணில் இருந்ததைச் செங்கமலம் அதற்கு முன் எந்த முகத்திலும் கண்டதில்லை.

செல்வமணி மேல் வழக்குப் போட்டார்கள். தூத்துக்குடி டீச்சரின் தங்கை வக்கீல். அவளே வந்து நடத்தினாள். பதினொரு நாடாக்களும் சாட்சியாக ஏறின. செய்தி பத்திரிகையில் வந்தது. வந்த மூன்றாம் நாள், நாட்டின் வேறு மூலைகளிலிருந்தும் செய்தி வரத் தொடங்கியது. ஒரு தேயிலைத் தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளின் பல்லிலும் ஒரே கலங்கல். ஒரு சாயப்பட்டறை ஊரில் எல்லார் பல்லிலும் ஒரே முறிவு. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியில் அந்த இடத்துக்கு ஒரு முதலாளியும் இருந்தார்.

ஆதிரேகைக்கு வாடிக்கையாளர்கள் எல்லாருமே முதலாளிகள்.

அந்த வாரக் கடைசியில் ஹரிவரதன் டிவியில் தோன்றினான். அதே சாந்தமான முகம். பல்வரி வாசிப்பு இன்னும் நிரூபிக்கப்படாத தொழில்நுட்பம் என்றான். பொழுதுபோக்காகக் கல்மீன் சேர்க்கும் பயிற்சியற்ற ஆர்வலர்கள் போட்ட குறிகளை விஞ்ஞானமாக எடுத்துக்கொள்வது பொறுப்பற்ற செயல் என்றான். மக்களின் அந்தரங்கத்தை மதித்து இந்தச் சேவையை நிறுத்திக்கொள்வதாகவும், அனுப்பிய அறிக்கைகளை எல்லாம் திரும்பப் பெறுவதாகவும் சொன்னான். அவன் பேசி முடிப்பதற்குள் பதினொரு போன்களிலிருந்தும் நாடாக்கள் மறைந்துவிட்டன. இளவழகன் சேமித்து வைத்திருந்ததும் திறக்கவில்லை.

கோர்ட்டில் செல்வமணியின் வக்கீல் செங்கமலத்தைக் கூண்டில் ஏற்றினார்.

"நீங்க பஸ் டெப்போவுல வேலை பாக்கறீங்க. ஓய்வு நேரத்துல மீன் பல் பொறுக்கறீங்க. சரிதானே?"

"சரிதான்."

"உங்க பொழுதுபோக்கை நம்பி ஒரு கௌரவமான மனுஷரைக் குற்றவாளின்னு சொல்லணும்கறீங்க."

"இதே பொழுதுபோக்க நம்பித்தானே அய்யா பதினோரு பேருக்கு வேலை இல்லேன்னாங்க? அன்னிக்கு நான் படிச்சது விஞ்ஞானமா இருந்துச்சு. இன்னிக்கு எப்ப பொழுதுபோக்காச்சு? எந்த நாள்ல மாறுச்சு? அந்தத் தேதிய மட்டும் எனக்குச் சொல்லச் சொல்லுங்க!"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார். பிறகு, அசல் சாட்சியமே இல்லாத நிலையில் என்ன செய்வது என்று யோசித்து, வழக்கைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

கோர்ட் வாசலில் வேம்புவுக்குப் போன் வந்தது. பேட்டரித் தொழிற்சாலை. பல் பரிசோதனை இனி இல்லை என்பதால் திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளலாமாம்.

"போகப்போறியா?" என்று கேட்டான் இளவழகன்.

"போவேன். பரீட்ச எழுதி வாங்குனது, எதுக்கு வுடணும்?" போனைப் பைக்குள் போட்டாள். "என் பல்லு என்னப் பத்திப் பேசுனப்ப நம்புனானுவ. அவனப் பத்திப் பேசுனதும் பொய்யாம்." பல்லைக் கடித்துக்கொண்டு கோர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, படம் போனா என்னா? பல்லு எங்க வாயிலதானே இருக்கு?"

செங்கமலமும் சவரிராயனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனி மூடினாலும் பேனா அவர்கள் காசு போட்டு வாங்கியது. செயலி இல்லாமலும் அது நாடாவை விரிக்கும். படிக்கத்தான் ஆள் வேண்டும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கமலம் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலனி ஆட்கள் மட்டும் இல்லை. வேறு சூளைகள், வேறு ஊர்கள். யாரோ ஒரு வேனே பிடித்து வந்திருந்தார்கள். சங்கமத்துக்கு வந்தவர்களில் ஆறு பேர் தங்கள் பேனாக்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாடாவையும் மூன்று பேர் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்துப் போடுவது என்று வக்கீல் சொல்லியிருந்தாள். முன்பின் தெரியாத பல்லைத் தொடுவதற்கு முன் ஊரும் பேரும் கேட்டு, சம்மதமா என்று கேட்கவேண்டும் என்பது செங்கமலம் போட்ட விதி. வேம்பு வரிசையைக் கவனித்துக்கொண்டாள்.

முறை வந்ததும் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயரும் ஊரும் சொன்னாள். சம்மதம் என்றாள். பேனாவைப் பார்த்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்காதுக்கா" என்றாள் செங்கமலம். "வலிச்சதெல்லாம் அப்பவே வலிச்சு முடிஞ்சுருச்சு. இப்ப சொல்லத்தான் போறோம்."

அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.